பழைய லேப்டாப்பில் பிராசஸர் மாற்ற முடியுமா, ரேம் மட்டும் ஏற்றினால் போதுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்றிலிருந்து ஒரே கேள்வி பல உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது: "2013-இல் வாங்கிய லேப்டாப், திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, பிராசஸரை மட்டும் மாற்றி ரேமையும் ஏற்றிவிட்டால் விண்டோஸ் 11 ஓடுமா?"

மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஓடாது. அந்த வயது லேப்டாப்பில் எந்த பிராசஸரை மாட்டினாலும் ஓடாது. ஆனால் லேப்டாப்பை வேகமாக்க முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி, கடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பதில் சொல்வதால்தான் குழப்பமே.

எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன்னால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: குரோமில் பத்து டேப், ஒரு வேர்டு கோப்பு, பின்னணியில் வாட்ஸ்அப். லேப்டாப் திணறும் அந்த நொடியில் மேலே தெரியும் சதவீதங்களில் மூன்றைப் பாருங்கள்: சிபியு (பிராசஸர்தான்), மெமரி (ரேம்), டிஸ்க்.

1. மெமரி 90-ஐத் தாண்டி நிற்கிறது, டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிபியு 20, 30-இல் சும்மா இருக்கிறது என்றால் குறை பிராசஸரில் இல்லை. ரேம் நிரம்பிவிட்டதால், அதில் இருந்ததை விண்டோஸ் வன்வட்டில் எழுதி வைத்துவிட்டு வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பேஜிங் என்று பெயர். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலை மாட்டு வண்டி வேகத்தில்தான் நடக்கும்.

2. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க், போட வேண்டிய கேஸ். ரேம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

3. மெமரியும் டிஸ்க்கும் நிம்மதியாக இருக்க, சிபியு மட்டும் 100-இல் நிமிடக்கணக்கில் நிற்கிறது, அப்போதுதான் பிராசஸரைப் பற்றிய பேச்சே வர வேண்டும். வீடியோ எடிட்டிங், நிரல் கம்பைல் செய்வது, பெரிய எக்செல் கோப்பு, இவற்றில் இதைப் பார்க்கலாம்.

பத்து வருடப் பழசு லேப்டாப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வகைதான். "பிராசஸர் பழசாகிவிட்டது, அதான் ஸ்லோ" என்று சர்வீஸ் கடையில் சொன்னால் இந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

சாக்கெட்டா, சால்டரா

லேப்டாப்பின் முக்கியப் பலகையான மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் விதம் இரண்டு. ஒன்று சாக்கெட்: பிராசஸரின் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும், போர்டில் அதற்கான துளைகள் இருக்கும், செருகி ஒரு திருகைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இதற்குப் பிஜிஏ என்று பெயர். இன்னொன்று பிஜிஏ மாதிரியே கேட்கும் பிஜிஏ! ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, அதனால் இங்கே முதலாவதைச் சாக்கெட் வகை என்றும் இரண்டாவதைச் சால்டர் வகை என்றும் சொல்லிவிடுகிறேன். சால்டர் வகையில் கால்களுக்குப் பதில் ஈய உருண்டைகள். போர்டோடு உருக்கி ஒட்டிவிடுவார்கள். சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் ரீபாலிங் மெஷினில் இதைக் கழற்றி வேறு ஒன்றை ஒட்ட முடியும், ஆனால் அந்தக் கூலிக்கும் ஆபத்துக்கும் பழைய லேப்டாப் தகுதியில்லை.

இன்டெல்லின் லேப்டாப் பிராசஸர்களில் சாக்கெட் வகை நான்காம் தலைமுறையோடு (ஐ7-4700 போல, பெயரில் ஹைஃபனுக்குப் பிறகு 4 என்று தொடங்குபவை), அதாவது 2013-இல் வந்த ஹாஸ்வெல் வரிசையோடு முடிந்துபோனது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே சால்டர். டெஸ்க்டாப் பிராசஸரையே உள்ளே வைத்துக் கட்டிய கனமான சில கேமிங் லேப்டாப்புகள் மட்டும் விதிவிலக்கு, அவை நம் வீடுகளில் இருக்க வாய்ப்புக் குறைவு. ஏஎம்டியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ரைசன் மொபைல் வரிசை முழுக்கச் சால்டர் வகை.

இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை என்றால் சாக்கெட் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

1. யு அல்லது ஒய் என்று முடிந்தால் சால்டர். பேச்சே இல்லை.

2. நான்காம் தலைமுறையில் எம், எம்க்யு என்று முடிந்தால் சாக்கெட். ஹெச்க்யு என்றால் சால்டர். ஐ7-4700எம்க்யு, ஐ7-4700ஹெச்க்யு இரண்டும் திறனில் ஒன்றுபோலத்தான், ஒன்றைக் கழற்றலாம், இன்னொன்றைக் கழற்ற முடியாது.

3. இரண்டு, மூன்றாம் தலைமுறையில் எம் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. லெனோவோ திங்க்பேட் டி430-இலும் எக்ஸ்230-இலும் ஒரே ஐ5-3320எம் பிராசஸர் வந்தது. டி430-இல் அது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், எக்ஸ்230-இல் சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, பேக்கேஜ் என்ற வரியைப் பாருங்கள். 988பி என்றோ 947 என்றோ காட்டினால் சாக்கெட். 1023, 1168, 1364 என்று காட்டினால் சால்டர்.

2011-இலிருந்து தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் அல்ல, வருடத்துக்கு வருடம் மாறின. மூடியில் உள்ள அரசு முத்திரையை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நாலுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்

விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெல்லில் அந்தப் பட்டியல், ஏழாம் தலைமுறையின் ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்து வையுங்கள். பிராசஸரைக் கழற்ற முடிகிற லேப்டாப்பில் நீங்கள் போகக்கூடிய உச்சம் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 வரவேற்பது எட்டிலிருந்து. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவற்றைப் பழைய சாக்கெட்டில் மாட்ட வழியே இல்லை. ஆக, பிராசஸர் மாற்றி விண்டோஸ் 11-க்குள் முறைப்படி நுழைவது என்பது சாத்தியமே இல்லாத காரியம். அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குறுக்கு வழிகள் உண்டு. சோதனைகளைத் தாண்டி நிறுவும் முறைகள் இணையம் முழுக்கக் கிடைக்கின்றன, மூன்றாம் தலைமுறை ஐ5-இலும் ஓடத்தான் செய்கிறது. அதற்கும் புது பிராசஸர் தேவையில்லை, இருப்பதிலேயே ஓடும். ஐ3, ஐ5 வருவதற்கு முந்தைய கோர் 2 டுவோ பிராசஸர் காலத்து லேப்டாப் மட்டும் பாவம்: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு கட்டாயம், கோர் 2 டுவோவில் அது கிடையாது, குறுக்கு வழியிலும் பூட் ஆகாது, விண்டோஸ் தொடங்கவே செய்யாது. விண்டோஸ் 10-இலேயே இருக்க நினைப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தனிநபருக்கான நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது, பதிவு செய்துகொண்டால்தான் பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடத் தயாராக இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் தலைவலியே கிடையாது.

சாக்கெட் இருந்தாலும் எதை வேண்டுமானாலும் மாட்ட முடியாது

துளையில் சேர்ந்துவிட்டது என்பதற்காக ஓடிவிடாது. இடையில் நான்கு பேர் நிற்கிறார்கள்.

1. சிப்செட். மதர்போர்டில் இருக்கும் துணைச் சிப் இது. இதில் ஹெச்எம்70 என்று ஒன்று இருக்கிறது, மூன்றாம் தலைமுறைக் காலத்து விலை குறைந்த லேப்டாப்புகளில் வந்தது. செலரான், பென்டியம் இரண்டை மட்டுமே ஏற்கும்படி இன்டெல் அதைக் கட்டியிருந்தது. ஐ3-யோ ஐ5-ஓ மாட்டினால் பூட் ஆகும், விண்டோஸ் வரும், "ஆகா, வேலை முடிந்தது" என்று மூடியைத் திருகிவிடுவீர்கள். சுமார் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் மறுபடி 30 நிமிடம். வாங்கிய பிராசஸர் கெட்டுப்போனது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் எத்தனை பேரோ. சிப்செட்டின் பெயரையும் சிபியு-இசட் காட்டும், மெயின்போர்டு பக்கத்தில்.

2. பயோஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல் இது. புது பிராசஸருக்கான மைக்ரோகோடு என்ற உள்கட்டளைகள் பயோஸுக்குள் இருந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்குச் சாக்கெட் ஒன்றுதான், ஆனாலும் இரண்டாம் தலைமுறை லேப்டாப்பில் மூன்றாம் தலைமுறை பிராசஸரைப் போட்டால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான். உங்கள் மாடல் எந்தெந்த பிராசஸரோடு விற்கப்பட்டது என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்தப் பட்டியலுக்குள் நின்றுகொள்வதே நல்லது.

3. வெப்பம். 35 வாட்டுக்கு வடிவமைத்த, சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கில் 45 வாட் பிராசஸரை வைத்தால், சூடு தாங்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் காற்றில் போகும், மடியில் வைத்தால் தொடை வேகும்.

4. மின்சாரம். 65 வாட் அடாப்டரோடு வந்த லேப்டாப்பில் நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசஸர் போட்டால் 90 வாட் தேவைப்படலாம். பேட்டரி நிற்கும் நேரமும் குறையும்.

சரி, நாலையும் தாண்டிவிட்டீர்கள். என்ன கிடைக்கும்? டி430 மாதிரி ஒரு லேப்டாப்பில் ஐ5-3320எம் இருக்கிறது என்று வையுங்கள்: இரண்டு கோர், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதைக் கழற்றிவிட்டு அதே 35 வாட்டில் அடங்கும் ஐ7-3632க்யுஎம் போடுகிறீர்கள்: நான்கு கோர், ஆனால் உச்ச வேகம் 3.2. வீடியோ மாற்றும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும், கோர்கள் இரட்டிப்பு. வேர்டு திறக்கவோ ஒரு வலைப்பக்கத்தை ஏற்றவோ எடுக்கும் நேரத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது, ஏனென்றால் அங்கெல்லாம் ஒரு கோரின் வேகம்தான் பேசும், அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உண்மையான பலன் கீழே இருந்து வருபவர்களுக்குத்தான். 1.8 கிகாஹெர்ட்ஸ் செலரான் 1000எம், டர்போ (தேவைப்படும்போது வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி) இல்லாத ஐ3-3110எம், இவற்றிலிருந்து ஐ5-க்குப் போனால் அன்றாட வேலையிலேயே தெரியும். ஏற்கெனவே ஐ5 வைத்திருப்பவர் ஐ7 தேடி அலைவது, என் பார்வையில், ஆசைக்காக மட்டும்.

கழற்றி மாட்டும்போது

இந்த பிராசஸர்கள் புதிதாகக் கிடைப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ நீங்கள் வாங்குவது வேறு ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. மேலே "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி, விற்பனைக்கானதே அல்ல, விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி இருக்கும். லேப்டாப் பிராசஸருக்கு அது கிடையாது, பச்சைப் பலகை நடுவில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிலிக்கான் துண்டு அப்படியே வெளியே தெரியும். ஹீட் சிங்க் திருகுகளுக்குப் பக்கத்தில் பல மாடல்களில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். மாட்டும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒரே மூலையை முழுசாக இறுக்கினால் சிலிக்கானின் ஓரம் உடையும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள தட்டைத் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் பிராசஸர் விடுபடும், நேராக மேலே தூக்க வேண்டும். புதியதை வைக்கும்போது மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேருங்கள், தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு கால் வளைந்திருக்கிறது, நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அரிசி மணி அளவு புதிது போதும்.

பிராசஸரை மாற்றாதவர்களும் பேஸ்ட்டைப் புதிதாக்கும் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து, ஃபேனில் படிந்த தூசியையும் தட்டிவிட்டால், சூடு குறைந்து பழைய பிராசஸரே தன் முழு வேகத்துக்குத் திரும்புவது உண்டு. செலவு ஒரு பேஸ்ட் ட்யூப்.

ரேம்: இங்கேதான் கவனம் வேண்டும்

எளிதாகத் தெரியும் வேலை, தப்பாக வாங்குவதும் எளிது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று ஒரு வரி வரும். 2-இல் 1 என்றால் ஒரு ஸ்லாட் காலி. அதன் பக்கத்திலேயே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி: எஸ்ஓடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் வகை, "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் போர்டிலேயே சால்டர் செய்த ரேம், அதைத் தொட முடியாது. சில லேப்டாப்பில் பாதி சால்டர், பாதி ஸ்லாட்.

1. ரேமின் தலைமுறை. டிடிஆர்2-க்கு 200 கால், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவே உள்ள வெட்டும் இடம் மாறும், ஒன்று மற்றொன்றில் நுழையாது. ஆறாம் தலைமுறை லேப்டாப்புகளில் சிலவற்றில் டிடிஆர்3எல், சிலவற்றில் டிடிஆர்4, ஆகவே "ஆறாவது ஜென்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

2. வோல்டேஜ். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், எல் என்ற எழுத்து சேர்ந்தால் 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப் 1.35-ஐ மட்டுமே கேட்கும். எல் வகை 1.5 வோல்ட்டையும் தாங்கும் என்பதால், கேள்வியே இல்லாமல் எல் வகையை வாங்கிவிடுவது பத்திரம்.

3. உச்ச அளவு. இரண்டு ஸ்லாட் உள்ள இரண்டு, மூன்று, நான்காம் தலைமுறை லேப்டாப்பில் 16 ஜிபி, அதாவது இரண்டு 8 ஜிபி. சந்தையில் 16 ஜிபி டிடிஆர்3எல் ஒற்றைத் துண்டும் உண்டு, அது ஐந்தாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஓடாது, உள்ளே இருக்கும் சிப்புகளின் அடர்த்தி அதிகம், பழைய பிராசஸருக்கு அதைப் படிக்கத் தெரியாது. முதல் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்புகளுக்கு உச்சம் 8 ஜிபி. இன்டெல்லின் ஆட்டம் (Atom) பிராசஸர் கொண்ட சிறிய நெட்புக்குகள் பலவற்றில் 2 ஜிபிதான், அவற்றை விட்டுவிடலாம். நிறுவனம் சொல்வதைவிட அதிகம் ஏற்பவையும் உண்டு: 2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் சொன்னது 8, அது 16-ஐ எடுத்துக்கொள்ளும்.

4. இயங்குதளம். ரேம் போட்ட பிறகும் "8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3 சொச்சம்" என்று காட்டினால் உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ். எத்தனை ஜிபி போட்டாலும் அது அதற்கு மேல் பார்க்காது. 64 பிட்டைப் புதிதாக நிறுவ வேண்டும், கோப்புகளை முதலில் காப்பி எடுத்துவிட்டு.

ஒரே 8 ஜிபி நல்லதா, இரண்டு 4 ஜிபி நல்லதா? இரண்டு துண்டு இருந்தால் பிராசஸர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும், 1600 வேக டிடிஆர்3-இல் நொடிக்கு 12.8 ஜிபி என்பது 25.6 ஆகும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப் இந்த ரேமைத்தான் திரைக்கும் பங்கு போடுகிறது, அதனால் அங்கே பலன் கூடுதல். ஆனால் அளவு பற்றாமல் திணறும் லேப்டாப்பில் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம், முதலில் மொத்தம் 8 ஜிபி ஆகட்டும்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். துண்டைச் சாய்வாக, தங்கக் கோடுகள் மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் கொக்கி 'டிக்' என்று விழும். சாய்வாகத் தள்ளும்போது முழுசாகப் போகாமல் அழுத்தினாலும் கொக்கி விழத்தான் செய்யும், ஆனால் லேப்டாப் பூட் ஆகாது. ரேம் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் இந்த ரகமும் இருக்கும். பழைய துண்டாக இருந்தால் கோடுகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சில மாடல்களில் ஒரு ஸ்லாட் அடிமூடியைத் திறந்தால் தெரியும், இன்னொன்று கீபோர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். "ஒரு ஸ்லாட்தான் இருக்கு" என்று சொல்பவர் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

விலை விஷயம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. "அப்புறம் பார்த்துக்கலாம், விலை இறங்கும்" என்ற பழைய கணக்கு இப்போதைக்குச் சரிவராது.

அதே பணத்தில் வேறு லேப்டாப்

பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, புது பேட்டரி நாலும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை ஒரு பயன்படுத்திய எட்டாம் தலைமுறை லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். பழையதற்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் மட்டும் போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து வைப்பேன். திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றும் அலுவலகங்கள் கழித்துவிட்டு சந்தைக்கு வருபவை. மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு, எட்டாம் தலைமுறை பிராசஸர் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஓடும்.

அங்கேயும் ஒரு வலை விரித்திருப்பார்கள். டி470-உம் டி480-உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "ஐ7 சார், ஐ5-ஐ விட பெட்டர்" என்று காட்டுவது டி470-இல் இருக்கும் ஐ7-7500யு ஆக இருக்கலாம்: இரண்டு கோர், ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. பக்கத்தில் விலை குறைத்து வைத்திருக்கும் ஐ5-8250யு-வில் நான்கு கோர். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பெயரில் ஹைஃபனுக்குப் பிறகு வரும் முதல் எண் 8 தானா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.